ரூட் மவுண்ட் ஆகும் முன்பே ஓடும் டீமனுக்கு லைப்ரரி சேர்ப்பது

டெபியன் லினக்ஸில் நான் பேக்கேஜ் செய்யும் ஒரு சின்ன டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), ரூட் டிஸ்க் மவுண்ட் ஆவதற்கு முன்பே இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள், அதாவது பூட் ஆகும்போது நினைவகத்தில் ஏற்றப்படும் சின்னத் தற்காலிகக் கோப்பு அமைப்புக்குள், ஓட வேண்டியது. அங்கே நாம் எடுத்து வைத்த கோப்புகள் மட்டும்தான் இருக்கும். ஒரு லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோட் கோப்பு) விட்டுப்போனாலும் டீமன் எழுந்திருக்காது.

முதலில் டீமனின் பைனரி (ஓடும் கோப்பு) மீது 'ரீட்எல்ஃப் -டி' கட்டளை போட்டு, 'நீடட்' என்று வரும் வரிகளைப் பாருங்கள். அவை நேரடித் தேவைகள். அந்த லைப்ரரிகளுக்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்துக் காட்டுவது எல்டிடி கட்டளை. சும்மா ஒட்டிக்கொண்டவற்றை பைனரியை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கரின் 'ஆஸ்-நீடட்' விருப்பம் உதிர்த்துவிடும்.

அப்புறம் இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கட்டும்போது ஓடும் ஹூக் ஸ்கிரிப்டில் 'காப்பி_எக்ஸெக்' எழுதுங்கள். பைனரியோடு எல்டிடி காட்டுகிற லைப்ரரிகளும் உள்ளே போய்விடும்.

சரி, நான் மாட்டிக்கொண்டது இதற்கு அப்பால். நிரல் ஓடும்போதே டிஎல்ஓபன் என்ற ஃபங்ஷன் வழியாக ஏற்றப்படும் லைப்ரரி இந்தப் பட்டியல் எதிலும் வராது. ஒரு த்ரெட்டை (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு கிளையை) ரத்து செய்யும்போது, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி அப்படித்தான் ஜிசிசி கம்பைலரின் துணை லைப்ரரியான லிப்ஜிசிசி_எஸ்ஸைத் தேடுகிறது. கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி: பிதிரெட்_கேன்சல் வேலை செய்ய லிப்ஜிசிசி_எஸ் வேண்டும். டீமன் அதோடு செத்துவிட்டது. முன்பெல்லாம் பைனரி, த்ரெட்டுகளுக்கான லைப்ரரியான லிப்பிதிரெட்டோடு லிங்க் ஆகியிருக்கிறதா என்று பார்த்து இதை ஊகிக்கலாம். 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34, லிப்பிதிரெட்டைத் தன் முதன்மை லைப்ரரியான லிப்சிக்குள்ளேயே சேர்த்துவிட்டது. அந்த அடையாளமும் போயிற்று. ஆகவே லிப்ஜிசிசி_எஸ்ஸைப் பெயர் சொல்லி நீங்களே காப்பி செய்யுங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டி, 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' பட்டியலில் அந்தக் கோப்பைக் கண்ணால் பார்த்த பிறகே ரீபூட் செய்யுங்கள்.