சொதப்பல் திருடர் கும்பல்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காமிக்ஸுக்குச் சொதப்பல் திருடர் கும்பல் ஒன்றை உருவாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தோற்றத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒருவன் குண்டு, ஒருவன் ஒல்லி, ஒருவனுக்குத் தொப்பி, இன்னொருவனுக்குத் திக்குவாய். வரைவதற்கு இது வசதிதான். ஆனால் போலீஸ் வந்து நிற்கும்போது அந்தத் தொப்பிக்காரன் என்ன செய்வான்? தொப்பி அதைச் சொல்லாது. திக்குவாயை வைத்துச் சிரிப்பு மூட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். அதே குறையோடு படிக்கும் ஒரு பிள்ளைக்கு அது வலிக்கும்.

லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான கௌபாய் நாயகன் லக்கி லூக்கின் கதைகளில் வரும் திருடர்களான டால்டன் சகோதரர்களைப் பாருங்கள். நான்கு பேருக்கும் ஏறக்குறைய ஒரே முகம், ஒரே மீசை. உயரம் மட்டும் படிப்படியாக ஏறும். அப்படியும் ஜோவையும் ஆவ்ரெலையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. குள்ளமான ஜோவுக்கு லக்கி லூக்கைத் தீர்த்துக்கட்ட வேண்டும். நெட்டையான ஆவ்ரெலுக்குச் சாப்பாடு வேண்டும். இந்த இரண்டு ஆசைகளும் ஒரே திட்டத்துக்குள் மோதுவதால்தான் கதை ஓடுகிறது. குணம் என்பதை ஆசையிலிருந்து தொடங்குங்கள். மூக்கையும் மீசையையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த தவறு பெரியது: எல்லோரையும் ஒரே அளவு முட்டாளாக்குவது. ஜோ முட்டாள் இல்லை. திட்டம் போடத் தெரிந்தவன், கோபத்தால் அதைக் கெடுத்துக்கொள்பவன். ஆவ்ரெல் கெடுப்பதோ வெகுளித்தனத்தால். ஆளுக்கு ஆள் சொதப்பும் விதம் வேறுபட வேண்டும்.

இதைப் பழக ஒரு நிஜச் சம்பவமே இருக்கிறது. 1892 அக்டோபர் 5 அன்று, அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள காஃபிவில் ஊரில், உண்மையான டால்டன் கும்பல் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளைக் கொள்ளையடிக்கப் போனது. ஒட்டுத்தாடி வைத்திருந்தும் ஊர்க்காரர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரு வங்கியில், பெட்டகத்தில் நேரப் பூட்டு இருக்கிறது, சில நிமிடம் கழித்துத்தான் திறக்கும் என்று ஊழியர் பொய் சொன்னார். கிராட் டால்டன் அதை நம்பிக் காத்திருந்தார். அதற்குள் ஊரே துப்பாக்கியோடு திரண்டுவிட்டது. கும்பலில் வந்த ஐவரில் நால்வர் இறந்தார்கள். ஊர்க்காரர்களிலும் நான்கு பேர் பலியானார்கள். நிஜத்தில் அது துயரம். அதிலிருந்து அந்தக் காத்திருப்பை மட்டும் எடுத்து உங்கள் கும்பலை உள்ளே நிறுத்திப் பாருங்கள். ஒருவன் பூட்டை உதைப்பான். ஒருவன் ஊழியரிடம் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பான். ஒருவன் வரிசையில் நிற்கும் பாட்டிக்கு நாற்காலி எடுத்துப் போடுவான். நால்வரும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டு நின்றால், உங்களிடம் இருப்பது ஒரே பாத்திரத்தின் நான்கு பிரதிகள்.

லக்கி லூக்கின் ஓவியர் மாரிஸ் முதலில் நிஜ டால்டன்களைத்தான் கதையில் கொண்டுவந்து, சாகடித்தும் விட்டார். பிறகு ரெனே கோசினி கதாசிரியராகச் சேர்ந்ததும், 1958-இல் ஆல்பமாக வெளியான கதையில் அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரர்களாக இந்த நால்வரும் நிலைபெற்றார்கள். நிஜத்தின் கொடூரம் விலகியதால்தான் வாசகர்கள் அவர்களை மீண்டும் மீண்டும் பார்க்க விரும்பினார்கள் என்று நான் நினைக்கிறேன். ரத்தக்கறை படிந்த கையைக் காட்டிய பிறகு, அதே கை வாழைப்பழத்தோலில் வழுக்கி ஊன்றுவதைப் பார்த்துச் சிரிப்பது கடினம்.

எல்லோருக்கும் சம பங்கு தர வேண்டுமா? வேண்டாம். நடுவில் இருக்கும் வில்லியம், ஜாக் இருவரையும் பல வாசகர்களால் பிரித்துச் சொல்ல முடியாது. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. கொதிக்கும் ஜோவைப் பிடித்து நிறுத்த ஆட்கள் வேண்டும். அந்த வேலையை அவர்கள் செய்கிறார்கள். நால்வருமே விசித்திரப் பிறவிகளாக இருந்தால் யாருடைய விசித்திரமும் எடுபடாது.

தமிழில் எழுதுவோர் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஒருவனுக்குக் கோவைத் தமிழ், ஒருவனுக்கு நெல்லைத் தமிழ், ஒருவனுக்குச் சென்னைத் தமிழ் என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, குணம் வந்துவிட்டதாக நம்புவது. வாசகருக்கு ஊர் தெரியும், ஆள் தெரியாது. முகங்களை மறைத்துவிட்டு வசனத்தைப் பொதுத் தமிழில் படித்துப் பாருங்கள். கட்டளையிடுபவன் யார், எல்லாவற்றையும் கேள்வியாகக் கேட்பவன் யார், பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்பவன் யார் என்பது அப்போதும் தெரிய வேண்டும்.

இவ்வளவு சொதப்பியும் ஏன் பிரியாமல் இருக்கிறார்கள் என்பதற்கும் காரணம் வேண்டும். டால்டன்களுக்கு ரத்த உறவு இருக்கிறது. தாய்க்கு ஆவ்ரெல்தான் செல்லம். ஜோவுக்கு அது உறுத்தும். இந்த ஒரு பொறாமையிலிருந்தே எத்தனையோ காட்சிகள் பிறக்கும். உங்கள் கும்பலில் உறவு இல்லையென்றால் கடனோ நன்றியோ பழைய ரகசியமோ இருக்கட்டும்.

கடைசியாக, காமிக்ஸின் ஒவ்வொரு படக்கட்டத்திலும் முதலில் பேசுபவன் இடப்பக்கம் நிற்க வேண்டும். தமிழ் வசனம் நீளமானது, வசனப் பலூன் இடத்தை விழுங்கிவிடும். வரைந்து முடித்த பிறகு ஆட்களை இடம் மாற்ற முடியாது என்பதால், யார் முந்திக்கொண்டு பேசுபவன் என்பதைப் பென்சில் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.