டவர் ஃபுல், ஆனால் நெட் சுற்றுகிறது: மொட்டைமாடிப் பெட்டியைத் திருப்பும் முறை

ரவுட்டரில் காட்டும் கோடுகள் சிக்னலின் பலத்தை மட்டும் சொல்லும், சுத்தத்தைச் சொல்லாது. மாடியில் 4ஜி, 5ஜி வயர்லெஸ் பிராட்பேண்ட் பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டேட்டஸ் பக்கத்தைத்தான். ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. பிரவுசரில் அதை அடித்து, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போங்கள். சில பெட்டிகளில் இது ஆப்பில்தான் கிடைக்கும்.

அந்தப் பக்கத்தில் தெரியும் ஆர்எஸ்ஆர்பி என்பது டவரிலிருந்து வந்துசேரும் பலம். அளவு டிபிஎம், எப்போதும் மைனஸில் வரும். -80 அருமை, -100 சமாளிக்கலாம், -110க்குக் கீழே போனால் அறுந்து அறுந்து வரும். இது சாதாரணக் கணக்கு இல்லை: 3 குறைந்தாலே பலம் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

வேகத்தைத் தீர்மானிப்பது எஸ்ஐஎன்ஆர். நமக்கு வேண்டிய சிக்னல், மற்ற டவர்களின் இரைச்சலைவிட எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்ற அளவு இது. பஸ் ஸ்டாண்டில் பக்கத்திலிருப்பவர் கத்திப் பேசினாலும் பாதிதான் காதில் விழும், அதே கதை. 20க்கு மேல் இருந்தால் டவர் ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய பிட்டுகளை அடைத்து அனுப்பும் (256 குவாம் முறையில் 8). எண் 0க்குப் பக்கத்தில் வந்தால் க்யூபிஎஸ்கே முறைக்கு இறங்கி வெறும் 2 பிட்தான். கோடு குறையாது, வேகம் மட்டும் படுத்துவிடும். சிக்னலின் தரத்தைக் காட்டும் இன்னொரு எண்ணான ஆர்எஸ்ஆர்க்யூ -10க்கு அருகில் இருந்தால் போதும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

திருப்புவதற்கு முன் பிசிஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த டவரின் எந்தப் பக்கம் உங்களைப் பிடித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. மாடியின் நான்கு மூலையிலும் பெட்டியை வைத்துப் பார்த்து, நல்ல மூலையில் 15 டிகிரி வீதம் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் பொறுத்து, பிசிஐ, ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் மூன்றையும் எழுதுங்கள். பலம் 5 குறைந்து எஸ்ஐஎன்ஆர் 6 கூடினால் அந்தத் திசைதான் சரி. பலருக்கு இதை நம்ப மனம் வராது. ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தால் தெரியும். அதில் வரும் எம்பிபிஎஸ் பிட் கணக்கு; ஃபைல் நொடிக்கு எத்தனை எம்பி (மெகாபைட்) இறங்கும் என்று தெரிய 8 ஆல் வகுக்க வேண்டும்.

பேண்டையும், அதாவது சிக்னல் வரும் அலைவரிசையையும் பாருங்கள். 700, 850 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும், ஆனால் பாதை குறுகல். 2300, 3500 அகலமானவை, ஆனால் ஒரு தென்னந்தோப்பு நடுவில் நின்றாலே தடுமாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மட்டைகள் இன்னும் அதிகமாக விழுங்கும். அதனால் கோடையில் பொருத்திய திசையை மழைக்காலத்தில் ஒருமுறை சோதியுங்கள்.

கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் பெட்டியைவிட முதலில் கெடுவது கேபிள் முனைதான். ஆர்ஜே45 பின்னில் பச்சை பூத்தால் 1000 எம்பிபிஎஸ் லிங்க் 100க்கு இறங்கும், சிலநேரம் முழுவதும் அறுந்துபோகும். வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை கேட்6 கேபிள் போடுங்கள், நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் கேபிள் வழியே உள்ளே வராமல் வளைவிலேயே சொட்டிவிடும். கிளாம்ப், போல்ட் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த ஊர்களில் இரண்டு கிளாம்ப் போட வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்தக்கூடாது. நெட் கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஈ அடாப்டர் பெட்டியோடு வந்ததாகவே இருக்கட்டும். 24 வோல்ட் கேட்கும் சாதனத்தில் 48 வோல்ட் பாஸிவ் (சாதனத்தைச் சோதிக்காமலே மின்சாரம் அனுப்பும்) அடாப்டரைச் செருகினால் போர்டு போய்விடும்.

இவ்வளவும் செய்து, எஸ்ஐஎன்ஆர் பகலில் 20, இரவு 9 மணிக்கும் 20, ஆனால் வேகம் மட்டும் இரவில் பாதி என்றால் பெட்டியைத் தொடாதீர்கள். டவரில் கூட்டம். அந்த எண்களை நேரத்தோடு எழுதிப் புகாரில் சேர்த்து அனுப்புங்கள்.