ஏஐ ஏஜென்ட்டுக்கான ஸ்னோஃப்ளேக் செஷன் ஹிஸ்டரி டூல்: விளக்கக் குறிப்பு எழுதுவது எப்படி

எங்கள் ஏஜென்ட் (டூல்களைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ) ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் டேட்டாபேஸில் ஒரே பெரிய குவெரியை (தரவு கேட்கும் கட்டளையை) ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை ஓட்டியது. ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் "இதை ஏற்கெனவே ஓட்டியாயிற்றா?" என்று செஷன் ஹிஸ்டரி டூலைக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் காலிப் பட்டியல்தான் வந்திருக்கிறது. ஏஜென்ட் படிப்பதற்காக அந்த டூலுக்கு நான் எழுதி வைத்திருந்த விளக்கம் ஒரே வரி: "முந்தைய குவெரிகளின் பட்டியலைத் தரும்." பட்டியல் காலி என்றால் குவெரி ஓடவில்லை என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டது. அந்த வரியை வைத்துக்கொண்டு வேறு எப்படியும் புரிந்துகொள்ள முடியாது.

அதை அழித்துவிட்டு ஒரு பக்கத்துக்கு எழுதினேன். எழுதிய வரிசையிலேயே கீழே தருகிறேன். உங்களிடம் ஸ்னோஃப்ளேக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும் எம்சிபி சர்வரும் (ஏஜென்ட்டுக்கு டூல்களைத் தரும் சர்வர்) இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எந்த செஷன்?

ஸ்னோஃப்ளேக்கில் செஷன் என்பது ஓர் இணைப்பு. ஏஜென்ட்டுக்கு அது பயனரோடு நடக்கும் உரையாடல். டூலை அழைக்கும்போதெல்லாம் சர்வர் புது இணைப்பைத் திறந்தால், ஒரே உரையாடல் பத்து செஷன் எண்களாகச் சிதறிவிடும். அதனால் செஷன் எண்ணை வைத்துத் தேடாதீர்கள். இணைப்பு திறந்ததும் ஆல்டர் செஷன் கட்டளை கொடுத்து, குவெரி டேகில் (ஒவ்வொரு குவெரியோடும் பதிவாகும் அடையாளக் குறிப்பில்) உரையாடல் எண்ணைப் போட்டுவிடுங்கள். டேகில் 2000 எழுத்துகள் வரை இடம் உண்டு. உரையாடல் எண், ஏஜென்ட் பெயர், பணியின் பெயர் மூன்றையும் நான் ஜேசனாக (பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) வைக்கிறேன்.

விளக்கத்தின் முதல் வரி: "இந்த டூலில் செஷன் என்றால் ஓர் உரையாடல், டேட்டாபேஸ் இணைப்பு அல்ல."

படி 2: விவரம் எங்கிருந்து வருகிறது?

என்னை மாட்டிவிட்ட இடம் இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

குவெரி ஹிஸ்டரி என்ற பெயரில் ஸ்னோஃப்ளேக்கில் இரண்டு இருக்கின்றன. அக்கவுண்ட் யூசேஜ் ஸ்கீமாவில் இருப்பது ஒரு வியூ, அதாவது டேபிள் போலப் படிக்கக்கூடியது. 365 நாள் வரலாறு அதில் கிடைக்கும். ஆனால் ஒரு குவெரி அங்கே வந்து சேர 45 நிமிடம் வரை ஆகலாம். இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் இருப்பது டேபிள் ஃபங்ஷன், அதாவது அழைத்தால் வரிகளைத் திருப்பித் தருவது. அதில் தாமதம் இல்லை, ஆனால் கடைசி 7 நாள் மட்டும்தான்.

நான் முதலில் வியூவைத்தான் பயன்படுத்தினேன். பத்து நிமிடம் முன்பு ஓடிய குவெரி அதில் இன்னும் ஏறவில்லை; அதனால்தான் காலி. சரி என்று ஃபங்ஷனுக்கு மாற்றினேன். அப்புறமும் சில நேரம் காலியாகவே வந்தது. அரை நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அந்த ஃபங்ஷன் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 100 வரிகளை மட்டும் எடுக்கும். அந்த 100-ஐ எடுத்த பிறகுதான் நாம் எழுதும் வேர் (WHERE) நிபந்தனை, அதாவது வரிகளை வடிகட்டும் பகுதி, வேலை செய்யும். மற்றவர்களின் குவெரிகளே அந்த 100-ஐ நிரப்பிவிட்டால், நம் டேகைத் தேடி என்ன பயன்?

வழி இருக்கிறது. ஏஜென்ட்டுக்கென்று தனி யூசர் உருவாக்குங்கள். பயனர் வாரியாகத் தரும் ஃபங்ஷன் தனியாக உண்டு. அதற்கு அந்த யூசர் பெயரையும் தொடக்க, முடிவு நேரங்களையும் கொடுங்கள். வரி வரம்பையும் உயர்த்துங்கள். 10,000 வரை போகலாம். பொது யூசரில் ஏஜென்ட்டை ஓட்டுவதை நான் எந்தக் குழுவுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விளக்கத்தில் இப்படி எழுதினேன்: "கடைசி 7 நாள் குவெரிகள் மட்டுமே தெரியும். பட்டியல் காலியாக வந்தால் குவெரி ஓடவில்லை என்று முடிவு செய்யாதே. நேர எல்லையை விரித்து ஒரு முறை கேள். அப்போதும் காலி என்றால், பெரிய குவெரியை ஓட்டும் முன் பயனரிடம் கேள்."

டூல் என்ன தரும் என்பதோடு, தராதபோது என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

படி 3: அலகும் நேரமும்

குவெரி எடுத்த மொத்த நேரம் மில்லிசெகண்டில் வரும். அலகைச் சொல்லாவிட்டால் 45,000 என்பதை ஏஜென்ட் விநாடியாகவே படிக்கும். நேர மண்டலத்தை நீங்கள் மாற்றாவிட்டால் ஸ்னோஃப்ளேக் லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தைத்தான் காட்டும். இந்திய நேரத்துக்கும் அதற்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம், குளிரில் பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம். டூலுக்குள்ளேயே யூடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றி, விளக்கத்திலும் அதை எழுதிவிடுங்கள்.

படி 4: எதைக் கொடுக்கக் கூடாது

குவெரி உரையை அப்படியே கொடுக்காதீர்கள். வேர் நிபந்தனைக்குள் வாடிக்கையாளரின் போன் எண் இருக்கும். அது நேராக மாடலுக்குப் போய்விடும். மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் எண்களையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள். மறைத்திருக்கிறோம் என்று விளக்கத்திலும் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏஜென்ட் அந்த உரையை அப்படியே எடுத்து மறுபடி ஓட்டப் பார்க்கும்.

படி 5: எங்கே வைப்பது?

டூலின் கோடு (நிரல்) இருக்கும் அதே கிட் ரெப்போவில் ஒரு மார்க்டவுன் கோப்பாக விளக்கத்தை வையுங்கள். விக்கியில் வைத்தால் கோடு மாறும், பக்கம் மாறாது. எழுதி முடித்ததும் புது உரையாடல் திறந்து, "சற்று முன் ஓடிய குவெரி எது?", "போன மாதம் என்ன ஓட்டினோம்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு "எனக்கு 7 நாள்தான் தெரியும்" என்று பதில் வர வேண்டும். வரும்வரை விளக்கத்தைத் திருத்துங்கள்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் மூன்று சிக்கல்களை எழுதியிருந்தார்கள். டேகில் ஒரு ஜேசன் உடைந்திருந்தாலும், அதைப் பிரித்துப் படிக்கும் பார்ஸ் ஜேசன் ஃபங்ஷன் மொத்த குவெரியையும் நிறுத்திவிடுகிறது. ட்ரை பார்ஸ் ஜேசன் போடுங்கள், அந்த வரிக்கு மட்டும் நல் (வெற்று மதிப்பு) வரும். சின்டாக்ஸ் பிழையால் (எழுதிய முறையில் உள்ள பிழையால்) தோற்ற குவெரியின் உரை மறைக்கப்பட்டே வரும். அது டூலின் கோளாறு இல்லை, விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூன்றாவது, குவெரி ஓட்டுவது ஒரு யூசர், ஹிஸ்டரி பார்ப்பது இன்னொரு யூசர் என்று வைத்திருந்தவருக்குப் பட்டியல் எப்போதும் காலி. பார்க்கும் யூசரின் ரோலுக்கு குவெரி ஓடிய வேர்ஹவுஸ் (குவெரிகளை ஓட்டும் கணினித் தொகுப்பு) மீது மானிட்டர் உரிமை கொடுத்ததும் பட்டியல் வந்துவிட்டது.