தங்கத் தகட்டில் வினையூக்கியை ஒட்டுவது

தகடு சுத்தமாக இல்லையென்றால் எதுவும் ஒட்டாது. 0.5 மோலார் கந்தக அமிலத்தில் வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, மின்னோட்ட வரைகோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி வரும்வரை ஓட்டுங்கள். கழுவியதும் உடனே அடுத்த வேலை. புதுச்சேரி காலாப்பட்டில் ஒருமுறை தகட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைய வேலை அத்தோடு போச்சு.

வினையூக்கியை ஒரு முனையில் கட்டிய தயாலை (மறுமுனையில் கந்தகம் உள்ள கரிமச் சேர்மம்) 1 மில்லிமோலார் அளவில் எத்தனாலில் கரைத்து, தகட்டை ஒரு ராத்திரி மூடி ஊறவிடுங்கள். கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனாலில் நன்றாக அலசுங்கள்.

ஒட்டியதா? வினையூக்கி கலக்காத வெற்றுக் கரைசலில் ஸ்கேன் வேகத்தை, அதாவது மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் வேகத்தை, இரட்டியுங்கள். உச்ச மின்னோட்டமும் இரட்டித்தால் சரி; வினையூக்கி ஒட்டாமல் கரைசலில் மிதப்பதென்றால் சுமார் 1.4 மடங்குதான் ஏறும். காரக் கரைசலில் மின்னழுத்தத்தை எதிர்மின் பக்கம் ரொம்ப இறக்காதீர்கள், தயால் கழன்றுவிடும்.