தேர்தல் காசு பத்தின புக்க எப்படி படிக்கறது, சேலத்துக்காரங்களுக்கு

மொதல்ல புக்க தொறக்காதீங்க. உங்க தொகுதில நின்னவங்களோட பிரமாணப் பத்திரத்த, அதாவது சொத்து, கேஸ் விவரம்லாம் அவங்களே எழுதிக் குடுத்தத, எடுத்து வெச்சுக்கோங்க, தேர்தல் கமிஷன் சைட்லயே சும்மா கெடைக்குது. ஏற்காட்டுக்காரங்க ஒண்ணு கவனிங்க, நம்ம மாவட்டம் சேலமா இருந்தாலும் எம்.பி. எலக்‌ஷனுக்கு ஏற்காடு கள்ளக்குறிச்சி தொகுதில வருது, சேலம்னு தேடுனா சிக்காது.

அடுத்து செலவுக் கணக்கு. ரிசல்ட் வந்து 30 நாளைக்குள்ள ஒவ்வொரு வேட்பாளரும் மாவட்ட தேர்தல் அதிகாரிகிட்ட, அதாவது கலெக்டர்கிட்ட, கணக்கு குடுக்கணும், அத யார் வேணும்னாலும் ஒரு ரூபா கட்டி பாக்கலாம்னு ரூல்லயே இருக்குங்க. அன்றாடச் செலவு வெள்ளைத் தாள்ல, ரொக்கம் ரோஸ் தாள்ல, பேங்க் கணக்கு மஞ்சள் தாள்ல. நான் மொத தடவ பாத்தப்ப சேர் வாடகை, மைக் செட், டீ இத்தன கப்புன்னு வரிவரியா இருந்துச்சு, அந்த டீ வரியிலயே ரொம்ப நேரம் நின்னுட்டேன், ஏன்னா அந்தக் கூட்டம் எங்க தெருமொனைலதான் நடந்துச்சு, எத்தன பேரு வந்தாங்கன்னு கண்ணால பாத்திருக்கேன்.

இப்ப புக்க தொறங்க. தேவேஷ் கபூரும் மிலன் வைஷ்ணவும் தொகுத்த 'காஸ்ட்ஸ் ஆஃப் டெமாக்ரசி' (2018) இங்கிலீஷ்லதான் இருக்கு, ஆனா பொறுமையா படிக்கலாம். மொத அத்தியாயத்துல இருந்து போகாம சிமெண்ட் பத்தின அத்தியாயத்துக்கு நேரா போயிடுங்க. எலக்‌ஷன் நேரத்துல சிமெண்ட் விக்கறது கொறையுது, கட்டடம் கட்டறவங்க கையில இருக்கற காச அரசியல்வாதிங்களுக்கு திருப்பி விடறதால வேலை மந்தமாகுதுங்கறதுதான் அவங்க வாதம். யாரும் ரசீது குடுக்காத காச எப்படி அளக்கறதுன்னு இதவிட தெளிவா நான் படிச்சதில்ல, சங்ககிரி பக்கம் தினம் சிமெண்ட் லாரி பாக்கறவங்களுக்கு சட்டுனு பிடிபடும். நூலகத்துல இல்லன்னா வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் குடுங்க, வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துதான கட்டறோம்.

எந்த புக்கா இருந்தாலும் எந்த வருஷம் வந்ததுன்னு பாத்துட்டு படிங்க, இது ரொம்ப முக்கியம். தேர்தல் பத்திரம், அதாவது குடுத்தவங்க பேரு வெளிய தெரியாம கட்சிக்கு காசு குடுக்க பேங்க்ல வாங்கற பத்திரம், 2018ல வந்துச்சு, 2024 பிப்ரவரி 15ல சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிருச்சு, 2019 ஏப்ரல்ல இருந்து யார் வாங்கினாங்க எந்தக் கட்சி பணமாக்குச்சுங்கற பட்டியல் மார்ச்லதான் வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி எழுதினவங்ககிட்ட அந்தப் பேருங்க இருந்திருக்காது, அவங்க ஊகமா சொன்ன எடத்துல பென்சில்ல ஒரு கோடு போட்டு பட்டியலோட ஒத்துப் பாருங்க.

ஓரத்துல மூணு நம்பர எழுதி வெச்சுக்கோங்க. 2022ல வெச்ச செலவு உச்சவரம்புப்படி நம்ம மாநிலத்துல எம்.பி. வேட்பாளருக்கு 95 லட்சம், எம்.எல்.ஏ.வுக்கு 40 லட்சம். கட்சி செலவுக்கு வரம்பே கெடையாது. 20,000 ரூபாய்க்கு மேல குடுத்தவங்க விவரத்த மட்டும்தான் கட்சி கமிஷனுக்கு சொல்லணும், அதுக்கு கீழ துண்டு துண்டா வர்ற காசுக்கு பேரே இல்ல. எந்த அத்தியாயம் படிச்சாலும் இந்த ஓட்டை வழியா எவ்ளோ போகும்னு கேட்டுக்கிட்டே படிங்க.

தனியா படிக்காதீங்க, நாலு பேரா உக்காருங்க. அதுல ஒருத்தராவது பூத் ஏஜெண்டா உக்காந்தவரா இருக்கணும், புக்குல ஒரு பத்தில சொல்லிட்டு போற விஷயத்த அவர் தெரு பேரோட சொல்லுவாரு.