பழைய பிக்கப்பில் கியர் தடுமாறினால் எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் விற்கப்பட்ட இலகுரக ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டியானால், வண்டியின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 என்னும் 16 முனை இணைப்பான் ஸ்டீயரிங்கின் கீழ்ப்புறம் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகிக் கிடைக்கும் கோளாறுக் குறியீடுகளை எழுதிவைத்த பிறகே அழிக்க வேண்டும். பி0700 என்பது கியர்பெட்டிக் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு என்னும் அறிவிப்பு மட்டுமே. அதை நம்பிக் கியர்பெட்டியை இறக்குவது அவசரக்காரர் வேலை. உடன் பி0720 வந்தால் வெளியீட்டு வேக சென்சாரின் (கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டின் வேகத்தை அளப்பது) மின்சுற்றையும், பி0750 வந்தால் ஷிப்ட் சொலினாய்டு ஏ-யின் (கியர் மாற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) மின்சுற்றையும் சோதிக்க வேண்டும்.

உதிரிபாகம் வாங்கும் முன் கியர்பெட்டி ஆயிலைப் பாருங்கள். சமதரையில், எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கையில், கையேடு குறிப்பிடும் கியர் நிலையில் கியர்பெட்டி ஆயிலின் அளவுகோலை உருவி, ஒட்டிய துளியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்த்தால், சிவப்பு மங்கிக் கருகல் வாடை வீசுவது கிளட்ச் தகடுகள் தேய்ந்ததையும், பால் கலந்தாற்போன்ற இளஞ்சிவப்பு ரேடியேட்டர் நீர் புகுந்ததையும் காட்டும். ஆயில் குறைந்திருந்தாலே கியர் விழத் தாமதமாகும்.

ஆயில் நன்றாக இருந்தால் அடுத்தது ஒயரிங். பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது பேட்டரியின் எர்த் ஒயரையும் கியர்பெட்டி இணைப்பானையும்தான். இணைப்பானைக் கழற்றினால் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் தெரியும். அதைச் சுத்தம் செய்து, குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டியபின் பி0750 திரும்பினால் மட்டுமே சொலினாய்டின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து, கையேட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும்.