கேமன் தீவுகள்: நிலத்தையும் உயிர்களையும் அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரீபியத் தீவு என்றதும் எரிமலையும் அருவியும் அடர்ந்த மலைக்காடும் மனத்தில் எழுவது இயல்பு. டொமினிக்காவுக்கும் செயின்ட் லூசியாவுக்கும் பொருந்தும் அந்தச் சித்திரத்தை, கியூபாவுக்குத் தெற்கே உள்ள கிராண்ட் கேமன், லிட்டில் கேமன், கேமன் பிராக் ஆகிய மூன்று தீவுகளுக்கும் ஏற்றிச் சொல்வது முதல் தவறு. கடலடி மலைத்தொடர் ஒன்றின் உச்சிகளான இவற்றின் மேற்பரப்பு சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதன் துளைகளில் இறங்கிவிடுவதால் இங்கே ஓர் ஆறுகூட இல்லை. மிக உயர்ந்த இடமான பிராக்கின் கிழக்குப் பாறைச் சரிவே ஏறத்தாழ 43 மீட்டர்தான். அருகிலுள்ள கடலடிப் பள்ளமான கேமன் அகழியோ 7,600 மீட்டருக்கும் மேல் ஆழமானது.

அதைவிடக் கவலை தரும் தவறு, கண்ணில் படும் பெரிய இகுவானா (ஒருவகைப் பெரும்பல்லி) எல்லாம் அம்மண்ணின் உயிர் என்று எண்ணுவது. கிராண்ட் கேமனில் மட்டுமே இயற்கையாக வாழும் நீல இகுவானா, 2002ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது காட்டில் 10 முதல் 25 வரையே எஞ்சியிருந்தது. காப்பிடத்தில் முட்டை பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்ட பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2018இல் ஆயிரமாவது விலங்கு விடுவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த பச்சை இகுவானாவோ கட்டுக்கடங்காமல் பெருகி மரங்களின் இலைகளைத் தின்று தீர்த்ததால், அதே ஆண்டு பெரிய அளவில் தொடங்கிய ஒழிப்புப் பணியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை கொல்லப்பட்டன. எண்ணிக்கை கொடூரமாகத் தோன்றலாம். ஆயினும் மண்ணுக்குரிய உயிர்களைக் காக்க அது தேவையென்றே கருதுகிறேன். நிறத்தை மட்டும் நம்பி இவற்றைப் பிரித்தறியவும் கூடாது. வாலில் கறுப்புப் பட்டைகளும், காதுக்குக் கீழே ஒரு பெரிய வட்டச் செதிலும் இருந்தால் அது பச்சை இகுவானா. மற்ற இரு தீவுகளிலும் வாழும் பாறை இகுவானா நீல இகுவானாவுக்கு நெருங்கிய உறவினமே தவிர, அதுவே அன்று. சாலையில் வெயில் காயும் அவற்றுக்கு விரையும் வாகனங்களும் நாய் பூனைகளுமே பெரிய ஆபத்து என்பதால், லிட்டில் கேமனில் வண்டியை மெதுவாகவே ஓட்ட வேண்டும்.

கிராண்ட் கேமனின் நடுவே பரந்துள்ள சதுப்புநிலக் காட்டை வீண்நிலம் என்று ஒதுக்குவதும் பிழையே. மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடமாக இருப்பதோடு, புயல் அலையின் வேகத்தையும் அது தணிக்கிறது.

கிராண்ட் கேமனின் நார்த் சவுண்ட் என்னும் ஆழம் குறைந்த விரிகுடாவின் மணல்திட்டில் மனிதரை நெருங்கி வரும் திருக்கை மீன்களை வளர்ப்புப் பிராணிகளாக நினைத்து, படம் எடுப்பதற்காக நீருக்கு மேலே தூக்குவோர் உண்டு. அது சட்டப்படி குற்றம். மேலும், பொதுவாக இரவில் தனித்து இரைதேடும் இம்மீன்கள், சுற்றுலாப் பயணிகள் தரும் உணவுக்குப் பழகியதால் இங்கே பகலில் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றின் நெருக்கத்தை இயல்பான நட்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது.